வீட்டுக் கொல்லையில் வலசைப் பறவைகள்

மேனாடுகளில் வசந்த ருது பிறக்கும்போது, குளிர்காலத்தைத் தென்தேசங்களில் கழித்த பறவைகள் வீட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பி வருவதை ஜனங்கள் ஆவலுடன் எதிர்பார்ப்பார்கள். முதற்பறவை கண்ணிற்பட்ட தேதியை நாட்குறிப்பில் எழுதி வைப்பதும் அங்கே நெடுநாளைய வழக்கம். நம் சோழமண்டலக் கரையில் இந்தக் கணக்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது. அவர்களுக்கு வசந்தம் பிறக்கும் பங்குனி, சித்திரையில் பறவைகள் நம்மை விட்டுப் புறப்படுகின்றன. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, நம்மிடம் வந்து சேருகின்றன. இவற்றையே வலசைப் பறவைகள் என்கிறோம்.

இவை எப்பொழுது வருகின்றன, எப்பொழுது போகின்றன, இடையில் எதைத் தின்கின்றன என்னும் மூன்று விஷயங்களையும் அறியாமலே, நம்மவர்களிற் பலர் இவற்றை நல்லன என்றோ கெட்டன என்றோ முடிவு செய்துவிடுகிறார்கள். கதிரில் இருக்கக் கண்ட பறவை கதிரைத் தின்னவே வந்தது என்பது பெரும்பான்மையோர் எண்ணம். அது சில சமயங்களில் உண்மை. பல சமயங்களில் உண்மையன்று. இதைத் தீர்த்துக்கொள்வதற்குத் தேதி வேண்டும். அந்தத் தேதியை எவ்வாறு சேகரிப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

விவசாயிகளுக்கான இப்பத்திரிகையில் சென்னை நகரத்துக் கொல்லைகளைப் பற்றிச் சொல்ல வந்ததற்குக் காரணம் உண்டு. வயலில் ஒரு பறவை வந்த முதல் நாளை அறிவது கஷ்டம்; பரப்பு அதிகம், நாம் எல்லாப் பக்கமும் பார்ப்பதில்லை. கொல்லையோ சிறியது. காலையில் பல் துலக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் அதைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. நேற்று இல்லாத குரல் இன்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இவ்வாறு கண்டவை பெரும்பாலும் செங்கற்பட்டு, தஞ்சை முதலிய ஜில்லாக்களின் கிணற்றங்கரைகளுக்கும் தோப்புகளுக்கும் பொருந்தும்.

நகரத்தின் இப்பகுதி முன்பு ஏரிப்பாசன நிலமாய் இருந்ததென்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இப்போது தியாகராய நகர் என வழங்கும் இடத்தின் பெரும்பகுதி மயிலாப்பூர் நீண்ட ஏரியின் நீர்ப்பரப்பாகும். 1920-களில் அந்த ஏரியை வடித்துத் தூர்த்தே மனைகள் வகுத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்கரைச் சாலை என்னும் பொருளுடைய பெயரில் ஒரு தெரு இருக்கிறது, ஏரிதான் இல்லை. நீர்ப்பறவைகள் அடையாற்றுக் கழிமுகத்தையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் நாடிப் போய்விட்டன. மரங்களையும் சருகுகளையும் நம்பி வரும் சிறு பறவைகள் மட்டும், இடம் கிடைக்கும் மட்டும், கொல்லைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. 1882-ம் வருஷத்தில் பிரம்மஞான சங்கத்தார் தலைமையிடமாகக் கொண்ட அடையாற்றுத் தோப்பும், 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடும் அவற்றிற்குப் பெரிய அடைக்கலங்கள்.

வந்து சேரும் விருந்தாளிகள்

முதலாவதாகச் சொல்லத் தக்கது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்ற பெயரும் இதற்கு உண்டு. மைனாவிலும் சற்றுச் சிறியது. வால் மிகக் குட்டை. முதுகு பச்சை, மார்பு வெளிறிய மஞ்சட்பழுப்பு, அடிவயிறு சிவப்பு, இறகில் நீலப் பட்டை, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு. இத்தனை வர்ணங்கள் இருந்தும் இதைக் கண்டவர் மிகச் சிலரே; ஏனெனில் இது மரத்தடியில் சருகுகளுக்கிடையே தரையில் நடந்து இரை தேடுவது. விடியற்காலையிலும் மாலை ஆறு மணி அளவிலும் இரட்டைச் சீழ்க்கை போல ஒலி செய்யும். அப்படியே பெயரும் வந்தது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் ஆனி, ஆடி மாதங்களில் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடிந்தபின் தெற்கே புறப்பட்டு, தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் வருகிறது. பிரயாணம் இராக்காலத்தில். ஐப்பசியில் ஓர் இரவு மழைக்குப் பிறகு, விளக்கொளியில் மயங்கிச் சுவரில் மோதியோ, களைத்தோ, வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்து கிடப்பதைச் சென்னையில் அநேகமாய் வருஷந்தோறும் யாராவது காண்கிறார்கள். அப்படிக் கண்டால் தண்ணீரைப் பலவந்தமாய் வாயில் ஊற்றலாகாது. காற்றுத் துவாரமுள்ள அட்டைப் பெட்டியில், துணியை விரித்து, இருட்டாகவும் சத்தமில்லாமலும் சில மணி நேரம் வைத்து, தெளிந்தபின் மரச்செறிவுள்ள இடத்தில் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் திறந்து திறந்து பார்ப்பதே அதற்கு நேரும் அபாயங்களிற் பெரியது.

இதன் ஆகாரம் வண்டுகள், கறையான், புழுக்கள், மண்ணில் உள்ள பிற பூச்சிகள். எனவே இது தங்குவதற்குச் சருகு வேண்டும். தினந்தோறும் கொல்லையைப் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது சுத்தம் என்று கருதப்படுகிறது. எரு ஆகவேண்டிய பொருளைச் சாம்பலாக்குவதில் என்ன சுத்தம் இருக்கிறதோ தெரியவில்லை. மாமரத்தடியிலோ வேலி ஓரத்திலோ ஒரு பகுதியையாவது பெருக்காமல் விட்டால், நிலத்தின் ஈரமும் காக்கப்படும், இப்பறவையும் தங்கும்.

அதே சருகில் நடமாடும் மற்றொன்று கொடிக்கால் வாலாட்டி. பிற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்டும். இது பக்கவாட்டில் அசைக்கும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் காணப்படும். கிழக்கு ஆசியாவில், சீனம், கொரியா முதலிய தேசங்களில் குஞ்சு பொரிப்பது. வெற்றிலைக் கொடிக்காலின் நிழலும் ஈரமும் இதற்குப் பிடித்தமானவை. இந்தப் பெயரை இதற்கு இட்டவர் யாராயினும், புத்தகத்தைப் பார்த்தல்ல, கொடிக்காலில் நின்று பார்த்தே இட்டிருக்க வேண்டும்.

பழுப்புக் கீச்சான் கிழக்குச் சைபீரியா, மங்கோலியா பக்கங்களிலிருந்து வருவது. வந்த நாளில் இதைக் காண்பதற்கு முன் கேட்கலாம். வேலிப்படலின் உச்சியிலோ காய்ந்த கிளையிலோ உட்கார்ந்து, கரகரத்த குரலில் ஓயாமற் சத்தமிட்டு, அந்த இடம் தன்னுடையது என்று சாதிக்கும். வெட்டுக்கிளி, தத்துக்கிளி, வண்டு முதலியவற்றைத் தரையிற் பாய்ந்து பிடித்துத் தின்னும். காலில் வளையம் இட்டுப் பார்த்ததில், வலசைப் பறவைகளிற் பல வருஷந்தோறும் அதே இடத்திற்கே திரும்பி வருவது ருசுவாகியிருக்கிறது. ஆகவே சென்ற வருஷம் உங்கள் முருங்கையில் உட்கார்ந்திருந்த கீச்சானே இவ்வருஷமும் வந்திருக்கக்கூடும்.

செம்பருத்திப் புதரினுள் மறைந்துகொண்டு 'சக், சக்' என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் சிறு கதிர்க்குருவியைக் கண்ணாற் காண்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரசவால் ஈப்பிடிப்பான், நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான் இவை பறந்தபடியே பூச்சிகளைப் பிடிப்பவை. பஞ்சுருட்டான் தேனீக்களையும் பிடிப்பதால் தேன்கூடு வளர்ப்போருக்கு அதன்மேல் மனத்தாங்கல் உண்டு, அது நியாயமே. அடையாற்றுக் கழிமுகத்தில் வந்து இறங்கும் சிறு உள்ளான்களிற் சில வடதுருவத்தை அடுத்த பனிப்பிரதேசத்தில் பிறந்தவை. நடவு முடிந்த சேற்று வயலில் இவற்றின் இனத்தாரை நம் விவசாயிகள் தினமும் பார்க்கிறார்கள், பெயர்தான் கேட்பதில்லை.

பருவமும் பூச்சியும்

சென்னையில் ஒரு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்கிறது. முதல் மழைக்குப் பின் ஈசல் புறப்படும், புல் தழைக்கும், அந்துப்பூச்சிகள் பெருகும். சம்பாப் பயிர் பச்சை பிடிப்பதும் இந்தச் சமயமே. வலசைப் பறவைகள் வருவதும் இதே சமயம் என்பதைக் கவனிக்கவேண்டும். உள்ளூர்ப் பறவைகளான கரிச்சான், மைனா முதலியவற்றோடு இத்தனை வாய்கள் புதிதாகச் சேருகின்றன. ஆறு மாதம் இங்கிருந்து, அறுவடை முடிந்து நிலம் காயும்போது புறப்பட்டுவிடுகின்றன.

இதனால் பூச்சித் தொல்லை அடியோடு நீங்கிவிடும் என்று சொல்வது மிகையாகும். புகையானோ படைப்புழுவோ ஒரேயடியாய்ப் பெருகிவிட்ட வயலில் பறவைகளால் ஆகக்கூடியது சொற்பம். பூச்சி குறைவாயிருக்கும் காலத்தில், அது மேலும் பெருகாதபடி தட்டிவைப்பதில்தான் அவற்றின் உபயோகம் இருக்கிறது. வயலில் தாழ்ந்த குச்சிகளை நட்டுப் பறவைகள் உட்கார இடம் செய்து கொடுப்பது இதற்காகவே. கீச்சானும் கரிச்சானும் உயரத்திலிருந்து பார்த்துப் பாய்பவை. உட்காரக் கொம்பு இல்லாத வயலில் அவற்றிற்கு வேலை இல்லை. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் இக்குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைகளுக்கு அவை ஆசனமாகிவிடும்.

எந்தப் பறவை எதைத் தின்கிறது என்பதை வயிற்றைப் பரிசோதித்தே அறியவேண்டும் என்று நம் தேசத்தில் முதலில் முறையாய்ச் செய்துகாட்டியவர்கள் மேசன், மாக்ஸ்வெல் லெஃப்ராய் என்னும் இருவர். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்து அவர்கள் எழுதிய இந்தியப் பறவைகளின் ஆகாரம் பற்றிய நூல் 1912-ல் வெளிவந்தது. ஒரே பறவை ஒரு மாதத்தில் பூச்சியையும் மற்றொரு மாதத்தில் தானியத்தையும் தின்னக்கூடும் என்பது இத்தகைய பரிசோதனைகளால் தெளிவாகிறது.

சூறைக்குருவியின் வழக்கு

இதற்குத் தக்க உதாரணம் சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. தலையும் இறக்கையும் வாலும் கறுத்து, உடல் இளஞ்சிவப்பாய் உள்ள இப்பறவை மைனாவின் இனத்தது. கசகஸ்தான் முதலிய மத்திய ஆசியப் புல்வெளிகளில் வைகாசி, ஆனியில் குஞ்சு பொரித்து, ஆடி, ஆவணியிலேயே இந்தியாவிற்குள் வரத் தொடங்கிவிடும். பெருங்கூட்டமாய்ச் சோளக்காட்டில் இறங்கினால் சேதம் கடுமையானதே. பால் பிடித்த கதிரை உருவிவிடும். மானாவாரிச் சோளத்தை நம்பியிருக்கும் குடியானவன் இதன்மேல் கோபம் கொள்வதில் தப்பில்லை.

ஆனால் இதே பறவை தன் குஞ்சுகளை வளர்ப்பது வெட்டுக்கிளிகளைக் கொண்டு. சீனத்தின் மேற்கெல்லையிலுள்ள சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளிகளை அடக்குவதற்காக, இப்பறவைகள் கூடு கட்டக் கற்குவியல்களும் சுவர்களும் அமைத்துக் கொடுத்து வரவழைக்கிறார்கள். அங்கே உபகாரி, இங்கே சோளத்திருடன். நம்மிடத்திலும் சோளம் இல்லாத காலத்தில் இது புற்பூச்சிகளைத் தின்கிறது. ஆல், அரசின் பழங்களையும், மாசி, பங்குனியில் முருக்கு, இலவு மரங்களின் பூந்தேனையும் நாடுகிறது. சென்னையில் இதைக் காண விரும்புவோர் அக்காலத்தில் பூத்திருக்கும் மரத்தடியில் நின்றால் போதும்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில், கதிர் பால் பிடித்து முற்றும் வரையிலான சுமார் மூன்று வாரத்தை மட்டும் காப்பது. இப்பறவைகள் காலையிலும் பிற்பகல் கடைசியிலும் மும்முரமாய் மேயும். காவலை அவ்வேளைகளில் பலப்படுத்தவேண்டும். ஒரு கிராமத்தார் யாவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விதைத்தால் சேதம் பலர் நிலத்திற் பரவி, ஒருவனுக்குத் தாங்கக்கூடியதாகும். முந்தி விதைத்தவனும் பிந்தி விதைத்தவனுமே முழு நஷ்டத்தையும் ஏற்கிறார்கள். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கதிர் மட்டத்துக்குச் சற்று மேலே வரிசையாய்க் கட்டினால், வெயிலில் மின்னியும் காற்றில் ரீங்கரித்தும் கூட்டத்தை விரட்டும். சில வாரங்களில் பறவைகள் அதற்குப் பழகிவிடும் என்பதால் முன்கூட்டியே கட்டிவிடலாகாது.

விஷம் கலந்த தானியத்தை இறைப்பது அறவே கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு அது விரோதம் என்பது ஒருபுறம் இருக்க, அந்தத் தானியத்தைச் சூறைக்குருவி மட்டுமே பொறுக்கும் என்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. சீன தேசத்தில் 1958-ம் வருஷத்தில் சிட்டுக்குருவிகளைத் தானியத்துக்குப் பகை என்று அறிவித்து, ஊர் ஊராய்ப் பறையடித்து இறங்கவொட்டாமல் துரத்திக் கொன்றார்கள். பூச்சிகள் பெருகின. 1960-ல் அழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் அந்தத் தேசத்தைப் பெரும் பஞ்சம் பற்றிக்கொண்டது. பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. குருவி அவற்றில் ஒன்று.

பூச்சிமருந்தும் இத்தகையதே. 1995-ம் ஆண்டுக் கடைசியிலும் 1996-ம் ஆண்டுத் தொடக்கத்திலும் தென் அமெரிக்காவின் அர்ஜெண்டினாவில் வெட்டுக்கிளிகளுக்காக மோனோகுரோட்டோபாஸ் தெளித்த வயல்களில், அந்த வெட்டுக்கிளிகளைத் தின்ன வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் இறந்து விழுந்தன. நம் விவசாயிகளுக்கு இம்மருந்தின் பெயர் நன்றாய்த் தெரியும். விருந்தாளி வந்திருக்கும் மாதங்களில் எதை, எப்பொழுது தெளிக்கிறோம் என்பதை யோசிக்காமல் தெளித்தால், கூலியின்றி வேலை செய்ய வந்தவனையே கொன்றவர்களாவோம்.

பதிவேடு

பறவைகளைக் காப்பதற்கு எழுத்து மூலமான ஏற்பாடு செய்வது நம் கிராமத்தாருக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் குடிகள் ஏரிப் பறவைகளைச் சுடாதபடி 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் பெற்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். இரசாயனம் படித்துச் செய்த காரியமல்ல. வருஷக்கணக்காய்ப் பார்த்துச் செய்தது.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1959 முதல் சலீம் அலியின் தலைமையில் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் வளையமிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன என்பதை ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் கோடியக்கரையிலும் அந்த வேலை நடந்தது. 2007-ல் சாமானிய ஜனங்களிடமிருந்தே வருகைத் தேதிகளைச் சேகரிக்கும் திட்டம் ஒன்று இந்தியாவில் ஏற்பட்டது. முதலில் ஒன்பது இனங்களை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இவற்றில் நகரவாசிகள் கலந்துகொள்ளும் அளவுக்குக் கிராமவாசிகள் கலந்துகொள்வதில்லை என்பது குறைவே. பறவை அதிகம் இருக்கும் இடத்தில் எழுதுகிறவன் இல்லை.

பதிவேட்டிற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வருஷத்தைப் பசலிப்படி எடுத்துக்கொள்வது உத்தமம். பசலி ஜூலை 1-ம் தேதி தொடங்கி ஜூன் 30-ம் தேதி முடிவதால், ஆடியில் வரும் சூறைக்குருவி முதல் சித்திரையில் கடைசியாய்ப் போகும் கீச்சான் வரையில் ஒரு வலசைக்காலம் முழுவதும் ஒரே பசலிக்குள் அடங்கிவிடும். இங்கிலீஷ் வருஷப்படி எழுதினால் அதே பறவையின் வருகை ஒரு புத்தகத்திலும் புறப்பாடு அடுத்த புத்தகத்திலும் போய்ச் சேரும். பழைய கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் நீக்கப்பட்டபின் அடங்கலை எழுதிவரும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இந்தச் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை. பயிர் நிலையைப் பார்க்கப் போகும் நாளில், எந்தப் பயிரில் எந்தப் பறவை, கதிர் எந்தப் பருவத்தில், என்று தம் சொந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், பத்துப் பசலிக்குப் பின் அது அந்த ஜில்லாவிற்கே சாட்சியமாகும்.

தொடக்கத்தில் மூன்று பறவைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொல்லைக்குப் பழுப்புக் கீச்சானும் ஆறுமணிக் குருவியும், சோளக்காட்டிற்குச் சூறைக்குருவியும் போதும். பெயர் நிச்சயமாய்த் தெரியாவிடில் அடையாளத்தை மட்டும் எழுதவேண்டும். ஊகித்து எழுதிய பெயர் வெற்றிடத்தைக் காட்டிலும் கெடுதல். பார்த்தது, கேட்டது இரண்டையும் பிரித்து எழுதுக. மழை பெய்த நாளையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

வருகையை எழுதுவது எளிது. புறப்பாட்டை எழுதுவதிற்றான் பலர் தவறுகிறார்கள். வந்தது புதுமையாயிருப்பதால் கண்ணிற்படும். போனதோ, போய்ப் பத்து நாளான பின்பே நினைவுக்கு வரும். எந்த நாள் கடைசியாய்ப் பார்த்தோம் என்று அப்பொழுது சொல்ல இயலாது. ஆகையால் பங்குனி பிறந்ததும் தினந்தோறும் எழுதத் தொடங்கவேண்டும். கீச்சான் இன்று இருந்தது, இன்று இருந்தது என்று எழுதிக்கொண்டே வந்தால், எழுத்து நின்ற நாளுக்கு முந்திய நாள் அதன் புறப்பாட்டுத் தேதி. பிறகும் பதினைந்து நாள் வரையில் 'காணோம்' என்று எழுதிவிட்டு, அந்தப் பசலிக்கான பக்கத்தை முடித்துவிடலாம்.